வீட்டுக்கு வீடு கௌதம்ராஜ்

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனித குலத்துக்கு வாய்த்த பெரும் பேறு, ராஜபாளையம் கௌதம்ராஜின் நிர்வாகத் திறமை.

அவருடைய நிறுவனம், கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றுக்குக் கூடுதல் தொகுப்பு தயாரித்தது. அதைச் சேர்த்துக்கொண்டால் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நம்மூர் பஸ்ஸையே ஓட்டலாம். அதில் கண்டக்டராகக் குரல் கொடுத்தவர் மம்சாபுரம் இசக்கிமுத்து, நிஜத்திலும் கண்டக்டர்.

குரலும் ஹாரனும் அடங்கிய ஃபைல்களை விளையாட்டு எந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்று ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. தொகுப்பு எங்கே இருக்கிறதோ அங்கேயே தேடட்டும் என்றாள் புரோகிராம் எழுதும் யோகேஸ்வரி. நிறுவனத்தின் சொத்தைக் கண்ட இடத்தில் தேட விடுவதா? கௌதம்ராஜ் ‘உயர்மட்டக் கூட்டம்’ கூட்டினார். கலந்துகொண்டவர்கள் அவரும் யோகேஸ்வரியும். வடை தீர்ந்தபோது, தம் கம்ப்யூட்டரின் டி டிரைவில் உள்ள ‘கௌதம்ராஜ்’ ஃபோல்டரே உரிய இடம் என்று அவர் ஏகமனதாக முடிவெடுத்தார்.

தொகுப்பு வெளியானது. இசக்கிமுத்து வீட்டில் தெருவே கூடியிருந்தது. திரையில் கண்டக்டர் வாயைத் திறந்தார், மூடினார். சத்தம் வரவில்லை.

“ஏலே, உன் கண்டக்டர் கொட்டாவி விடுதாரு” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். இசக்கிமுத்து மறுநாள் ராஜபாளையத்து அலுவலகத்தில் வந்து நின்றார்.

கௌதம்ராஜ் தம் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். “புத்தூரு, புத்தூரு” என்று இசக்கிமுத்துவின் குரல் அறையை அதிரவைத்தது.

“இங்க நல்லாத்தான கேக்கு அண்ணாச்சி? கோளாறு உங்க ஊர்ப் பக்கம்தான்.”

வாங்கியவர்களின் கம்ப்யூட்டரிலெல்லாம் சார் பெயரில் ஃபோல்டர் இருக்கிறதா என்று தேடிவிட்டு விளையாட்டு வெறுங்கையோடு திரும்புகிறது, அந்த ஒரு வரியை மாற்றினால் போதும் என்று யோகேஸ்வரி விளக்கினாள்.

கூட்டத்தில் எடுத்த முடிவை மாற்றுவதா? கௌதம்ராஜ் பதறிப்போனார். அன்றைக்கே ‘சுற்றறிக்கை’ பறந்தது: வாங்கிய ஒவ்வொருவரும் தத்தம் டி டிரைவில் ‘கௌதம்ராஜ்’ என்று ஃபோல்டர் திறந்து ஃபைல்களை அதில் போட்டுக்கொள்ள வேண்டும். டி டிரைவ் இல்லாதவர்கள் முதலில் அதை உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

இசக்கிமுத்து லீவு போட்டு மம்சாபுரத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு வீட்டிலும் அவர் குரல் கேட்கத் தொடங்கியது. வன்னியம்பட்டி, சுந்தரபாண்டியம் என்று ஃபோல்டர் பரவியது.

கௌதம்ராஜுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. “பாத்தியாம்மா, வீட்டுக்கு வீடு என் பேரு. வேற எந்த முதலாளிக்கு இந்தக் கொடுப்பினை?”

யோகேஸ்வரி நிதானமாகச் சொன்னாள்: “ஆமா சார். முன்னாடி தப்பு ஒரு கம்ப்யூட்டர்லதான் இருந்துச்சு. இப்ப அம்புட்டு வீட்லயும் இருக்கு, உங்க பேர்லயே.”