காப்பு கட்டிய எருமைக் காயின்

உறுவையாறு கல்யாண மண்டபத்தில் இன்று மாப்பிள்ளை ஓர் எருமை. கூலிங்கிளாஸ் மாட்டிய அதன் முகம் மேடைத் திரை முழுக்கத் தெரிந்தது. எவனோ சிரிப்புக்காக இன்ஸ்டாகிராமில் போட்ட படம். அதன் பேரில் ஜெயசீலன் என்பவன், போனிலேயே வாங்கி விற்கும் கிரிப்டோ காயின் ஒன்றை விட்டிருந்தான். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஊர், இந்த எருமைக்குக் கற்பூரம் காட்டியது.

போன வாரம் ஒரு காயின் ஒரு ரூபாய். இன்று பதினெட்டு. ஏற்றியது யார்? எருமை பகவான்தான்!

வாங்கியவர் கையிலெல்லாம் மஞ்சள் காப்பு. நாற்பத்தெட்டு நாள் விற்கக் கூடாது.

"திருவிழாவுக்குக் காப்பு கட்டிட்டா ஊரவுட்டுப் போவமா?" என்றான் ஜெயசீலன், மைக்கில். "துட்டும் அப்டித்தான்பா. நடுவுல வித்தா சாமி குத்தம்!"

கை தட்டினார்கள்.

என் மாமியார் கனகாம்பாள் ஏற்கெனவே ஐயாயிரம் போட்டிருந்தார். இன்று அவர் முந்தானை முடிச்சில் ஒரு சங்கிலி. என் மனைவி அருள்மொழியுடையது. அவள் இறந்து எட்டு மாதம்.

"நாலு சவரன் நாப்பதா ஆவும் மாப்ள. அருள்மொழி பேர்ல பள்ளிக்கூடத்துக்கு ஒரு ரூம் கட்டிடலாம்."

"முதல்ல நூறு ரூபாய்க்கு வித்துப் பாருங்க அத்த."

"ஐயோ, சாமி குத்தம்!"

"எனக்கு வரட்டும். இனிமே வர்றதுக்கு இன்னா இருக்கு?"

போனைக் கொடுத்தார். விற்கும் பொத்தானை அழுத்தினேன். 'அனுமதி இல்லை' என்று வந்தது. பக்கத்து வரிசையில் நாலு போனில் அழுத்தினோம். அதே பதில்.

"காப்பு கட்டிட்டா சாமியே பூட்டிடும் சார்," என்றான் ஜெயசீலன்.

"உன் கையிலயும் காப்பு இருக்கே. உன் போன்ல வித்துக் காட்டு."

"இப்ப சிக்னல் இல்ல சார்..."

விலை காட்டுவதற்காக அவன் போனைத் திரையோடு இணைத்திருந்தான். முன்வரிசை மணவாளன் அதைப் பிடுங்கி அழுத்தினார். டிங்! நூறு ரூபாய் வரவு. எருமையின் நெற்றியிலேயே தெரிந்தது. அதன் கீழே, காலையில் அவன் விற்றது: ஐந்து லட்சம்.

வாங்க எல்லோருக்கும் கதவு. விற்க அவனுக்கு மட்டும். எவனும் விற்க முடியாத சந்தையில் விலை ஏறாமல் என்ன செய்யும்?

"தே, இன்னாடா இது?" என்றார் மணவாளன். ஜெயசீலன் கும்பிட்டான். எருமையைப் பார்த்து அல்ல.

கனகாம்பாள் முந்தானை முடிச்சை இறுக்கிக்கொண்டார்.

"போலீசுக்குப் போலாம்," என்றேன்.

மணவாளன் தயங்கினார். "இன்னிக்கி அஷ்டமி. நாளைக்கிப் போலாமே?"

ஜெயசீலன் அஷ்டமி பார்க்கவில்லை. சமையல்கட்டுப் பக்கமாக நழுவினான்.

"நீங்க போன் போடுங்க மாப்ள. கதவ நான் மறிச்சிக்கறன்," என்று ஓடினார் கனகாம்பாள்.

ஏமாற நாள் பார்க்காத ஊரே, புகார் கொடுக்க மட்டும் எதற்கு நல்ல நாள்?