ஞாயிற்றுக்கிழமை மோட்டார்

உயிர் உள்ளவரை இனி ஞாயிற்றுக்கிழமை ஊரப்பாக்கம் போவதில்லை என்று சபதம் எடுத்தேன். மனதுக்குள்தான். வாய்விட்டுச் சபதம் எடுக்கும் அளவுக்கு எங்கள் வீட்டில் எனக்கு வசதி போதாது.

விஷயம் இதுதான். என் மனைவி ஞானஜோதியின் அண்ணன் அசரியா, ஊரப்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்துக்குத் தெற்கே மனை வாங்காதவனை யாரும் மனிதனாகவே மதிக்கவில்லை. அசரியா வாங்கினார், கட்டவும் ஆரம்பித்தார். ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் நானும் ஜோதியும் அங்கே ஆஜராக வேண்டும். ஜோதி தன் அண்ணி புஷ்பத்தோடு நிழலில் உட்கார்ந்துகொள்வாள். நான் வெயிலில் நின்று, ஓஸ் பிடித்து, புதுச் சுவருக்குத் தண்ணீர் அடிப்பேன். பக்கத்தில் அசரியா குடையோடு நிற்பார். குடை அவருக்கு மட்டும்.

"மாப்பிள்ளை, அந்த மூலை காயுது."

"நனைச்சிட்டேன் மச்சான்."

"நனைஞ்சா பத்தாது. குளிக்கணும்."

தாம்பரத்தில் நாங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடிபம்பு அடிபம்பாக அலைந்த காலம் அது. அசரியாவின் சுவர் மட்டும் தவறாமல் தலைக்குக் குளித்தது.

இந்தத் துன்பத்திலிருந்து என்னை மீட்க வந்தவர் சவுரிமுத்து. கோவளத்தில் மீன் பிடிக்கிறவர். அங்கே மீன் வாங்கப் போனபோது என் ஸ்கூட்டர் மக்கர் பண்ண, நான் கார்பரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டினேன். அதை அவர் பார்த்துவிட்டார்.

"சார், உனுக்கு மிஷினு வேலை தெரியுமா? எங்கையில ஒரு பழைய படகு மோட்டார் கீது. வேகமா வுட்டா போவுது. ஸ்லோ பண்ணா நின்னுபூடுது. ஒரே பேஜாரு."

"அவசரமா வேணுமா?"

"அவசரம் ஒண்ணும் இல்ல சார். தொழிலுக்கு வேற மோட்டார் கீது. இத்த நீ எப்ப குடுத்தாலும் சரி."

எப்ப குடுத்தாலும் சரி. அவரை அங்கேயே கட்டிக்கொள்ளத் தோன்றியது. மீன் கூடை குறுக்கே இருந்ததால் விட்டேன்.

மோட்டார் ஒரு மீன் வண்டியில் வந்து இறங்கியது. கொல்லையில் தண்ணீர் பிடித்து வைத்திருந்த டிரம்மின் விளிம்பில் அதை மாட்டி, காற்றாடியைத் தண்ணீருக்குள் விட்டேன். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் சூட்டில் உருகிவிடும். ஜோதி கையில் அகப்பையோடு வந்து நின்றாள்.

"இது என்னங்க?"

"படகு மோட்டார்."

"நம்மகிட்ட படகு இருக்கா?"

"இல்லை."

"தாம்பரத்துல கடல் இருக்கா?"

"இல்லை."

"டிரம்ல இருந்தது நம்ம வீட்டுத் தண்ணி. அதாவது தெரியுமா?"

"பிறருக்கு உதவணும் ஜோதி. வேதத்திலேயே சொல்லியிருக்கு."

"எந்த அதிகாரம்?"

பள்ளிக்கூட டீச்சரைக் கட்டிக்கொண்டவன் ஆதாரம் கையில் இல்லாமல் வாயைத் திறக்கக் கூடாது. ஆனாலும் அன்று நான் பின்வாங்கவில்லை. ஞாயிறு ஒன்றுதான் எனக்கு விடுமுறை, சவுரிமுத்துவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், மோட்டார் சரியாகும்வரை ஊரப்பாக்கம் வர முடியாது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"சரி, நான் மட்டும் போய்ட்டு வரேன்" என்றாள்.

இவ்வளவு சுலபமாக ஜெயித்ததில் எனக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜெயித்துப் பழக்கம் இல்லாதவனுக்கு எது சந்தேகப்பட வேண்டிய வெற்றி என்று எப்படித் தெரியும்?

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் முதல் ஞாயிறு மத்தியானத்துக்குள்ளேயே சரியாகிவிட்டது. சரியானதும்தான் எனக்கு உறைத்தது. இது குணமானால் அடுத்த வாரம் நான் ஓஸோடு நிற்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். ஒரே ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஒரு தகட்டைத் தள்ளி வைத்தேன். மோட்டார் இருமியது, விக்கியது, செத்தது. அதற்குப் பிறகு வாராவாரம் இதே வைத்தியம்தான். காலையில் குணப்படுத்துவேன். பகலில் அதை டுப்டுப்பென்று ஓடவிட்டு, வேப்பமர நிழலில் சாய்வு நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பேன். சாயங்காலம் ஜோதி வரும் நேரத்துக்கு மறுபடி நோயாளி ஆக்கிவிடுவேன்.

ஜோதி வெயிலில் கறுத்துப்போய் வருவாள். புடவை ஓரம் நனைந்திருக்கும். எங்கே நனைந்தது என்று நான் கேட்டதில்லை.

"இன்னுமா சரியாகலை?"

"டைமிங் உட்கார மாட்டேங்குது ஜோதி."

"டைமிங்னா?"

அங்கேதான் நான் கெட்டேன். எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். என் மனைவி என்னிடம் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நின்றது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூடியைக் கழற்றி முழுப் பாடமும் நடத்தினேன்.

"இங்க பார். இந்தக் கைப்பிடியைத் திருகினா, சக்கரத்துக்கு அடியில இந்தத் தட்டு திரும்பும். தட்டு திரும்பினா தீப்பொறி சீக்கிரம் விழும். அதுதான் டைமிங்."

"சரி."

"தட்டோட விளிம்புல ஒரு மேடு இருக்கு பார். அது இந்தக் குட்டி உருளையைத் தள்ளும். உருளை தள்ளினா கார்பரேட்டர் வாயைத் திறக்கும். மேட்டுல ஒரு கோடு இருக்கு. அந்தக் கோடு உருளைக்கு நேரா வரும்போதுதான் வாய் திறக்க ஆரம்பிக்கணும். முன்னாடியே திறந்தா மோட்டார் விக்கிச் செத்துடும். லேட்டா திறந்தா இழுக்காது."

"இந்த ஸ்க்ரூவைத் தளர்த்தினா உருளை தள்ளிப் போகுமா?"

"போகும்" என்றேன் பெருமையாக.

"அப்ப ஐடில் ஸ்க்ரூன்னு சொல்றாங்களே?"

"அது மோட்டார் மெதுவா ஓடும்போது நிக்காம இருக்கறதுக்கு. அது கடைசி. முதல்ல டைமிங், அப்புறம் இந்த இணைப்பு, எல்லாம் முடிஞ்சு எஞ்சின் சூடான பிறகுதான் ஐடில். அதுவும் கியர் போட்டு, காற்றாடி தண்ணியில சுத்தும்போது வைக்கணும். இதைப் பார்க்காம எடுத்தவுடனே ஐடில் ஸ்க்ரூவைத் திருகறவன் சுத்த மடையன்."

"எவ்வளவு அழகா சொல்லித்தரீங்க" என்றாள் ஜோதி. அந்த வார்த்தையில் மயங்கி நான் இரவு சாப்பாட்டில் ரசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அடுத்த ஞாயிறு நாங்கள் கோயிலிலிருந்து வந்தபோது வாசலில் சவுரிமுத்துவின் மீன் வண்டி நின்றது. சவுரிமுத்து சங்கடமாகச் சிரித்தபடி கொல்லையில் நின்றார். பக்கத்தில் குடையோடு அசரியா.

"நான்தாங்க ரெண்டு பேரையும் வரச் சொன்னேன். மோட்டார் ரெடியாயிடுச்சுன்னு சொல்லி அனுப்பினேன்" என்றாள் ஜோதி.

"ரெடியாகலையே" என்றேன்.

"இழுத்துத்தான் பாருங்களேன்."

எனக்கு உள்ளூரத் தைரியம்தான். போன ஞாயிறு சாயங்காலம் நானே அதை நோயாளி ஆக்கியிருந்தேன். வருத்தமான முகத்தோடு போய்க் கயிற்றை இழுத்தேன். மோட்டார் இருமவில்லை. விக்கவில்லை. பாலைக் குடித்துவிட்டுப் படுத்த பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது. கைப்பிடியைத் திருகினேன், ஏறியது. இறக்கினேன், இறங்கியது. சாகவே இல்லை.

"சார், இன்னா கையி சார் உனுக்கு. கடைக்காரனே முடியாதுன்னுட்டான்" என்றார் சவுரிமுத்து.

"இது... இது இன்னும் கொஞ்சம்..." என்று சொல்லிக்கொண்டே என் விரல் ஐடில் ஸ்க்ரூ பக்கம் போனது.

"அதைத் தொடறவன் யாருன்னு சொன்னீங்க?" என்றாள் ஜோதி.

விரல் திரும்பி வந்துவிட்டது.

அசரியா குடையை மடக்கினார். "நல்ல காரியம் மாப்பிள்ளை. வேலை முடிஞ்சதுல்ல? கிளம்புங்க. மேல் தளம் போட்டாச்சு. பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தணும்."

அப்போது சவுரிமுத்து தலையைச் சொறிந்தார். "சார், தப்பா நெனைக்காத. தொழிலுக்கு வச்சிருந்தேனே அந்த மோட்டாரையும் கொண்டாந்துட்டேன். இனிமே இதுல ஓட்டிக்கிறேன். அது ஸ்லோல ஒதறுது. வண்டில கீது. எப்ப குடுத்தாலும் சரி."

எனக்குப் போன உயிர் வந்தது. சவுரிமுத்துவை இந்தத் தடவை கட்டிக்கொண்டே விட்டேன். "பார்த்தீங்களா மச்சான், வந்த வேலையை எப்படித் தட்டறது? இந்த வாரமும் நான்..."

"ஒரு நிமிஷம் இங்க வாங்க" என்று ஜோதி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

போனேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"நேத்து நீங்க ஆபீஸ் போன பிறகு நான்தான் அதை சரி பண்ணினேன். உருளையைக் கோட்டுக்கு நேரா வச்சு ஸ்க்ரூவை முடுக்கினேன். டைமிங் சரியாத்தான் இருந்தது. அந்த ஒரு ஸ்க்ரூ மட்டும் வாராவாரம் எப்படிங்க தானா தளரும்? தலையெல்லாம் தேஞ்சு பளபளன்னு இருக்கு."

நான் அரிசி டப்பாவின் மூடியைத் திறந்து மூடினேன்.

"இத்தனை வாரமா அங்க ஓஸ் பிடிச்சது யாருன்னு நினைச்சீங்க? நான். வெயில்ல. ஒரு பக்கம் அண்ணன் மூலை காயுதுங்கறார். இன்னொரு பக்கம் அண்ணி மொசைக் தரை கலர் சொல்றாங்க. உங்களுக்கு வேப்பமரம், சாய்வு நாற்காலி."

"ஜோதி, நான்..."

"இதை அண்ணன்கிட்ட நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

"ரெண்டும் வேண்டாம்" என்றேன்.

அவள் வெளியே வந்தாள். முகத்தில் அப்படி ஒரு சோர்வு, அப்படி ஒரு தியாகம். எனக்கே பாவமாக இருந்தது.

"அண்ணா, இவரை நீங்க கூட்டிட்டுப் போங்க. பாவம், இவருக்கு உங்க வீட்டு நினைப்பாவே இருக்கு. மோட்டார் வேலையை எனக்குக் கத்துக்குடுத்துட்டார். இனிமே அதை நான் பார்த்துக்கறேன். எப்ப முடியும்னுதான் சொல்ல முடியாது."

சவுரிமுத்து இரண்டாவது மோட்டாரைத் தூக்கி வந்து டிரம்மில் மாட்டினார். ஜோதி என் சாய்வு நாற்காலியை நிழல் பக்கமாக இழுத்துப் போட்டாள். நான் ஸ்கூட்டரை உதைத்தேன். பின்னால் அசரியா ஏறிக் குடையை விரித்தார்.

"பொம்பளைப் பிள்ளை, தனியா அந்த மோட்டாரோட என்ன பாடுபடறாளோ" என்று ஊரப்பாக்கம் போய்ச் சேரும்வரை அவர் என் முதுகுக்குப் பின்னால் கண் கலங்கிக்கொண்டே வந்தார்.