குட்டையிலிருந்து நெட்டை வரை எண்பத்தாறு புழுக்கள்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு நம்பிராஜன் வணக்கத்துடன் எழுதுவது. சுங்குவார்சத்திரத்தில் உங்கள் மகன் உச்சிமாகாளி நல்ல சுகம். அவனோடு ஒரே அறையில் இருப்பதால் எனக்கு அது இல்லை. அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். போனில் பேசினால் கெட்ட வார்த்தை வந்துவிடும், அதனால்தான் கடிதம்.

இரண்டு வருடமாக வடக்குப்பட்டு வயல்களில் எலி பிடித்து, குடலை அறுத்து, உள்ளேயிருக்கும் உருளைப்புழு என்ன இனம் என்று பார்த்து வருகிறேன். நிலத்துக்காரர் பாண்டுரங்கன், "இன்னா சார் நீ, மனுசன் வவுத்து நோவ பாக்கவே இங்க ஆள் இல்ல, எலி வவுத்த நோண்டிகினு கீற" என்றார். பொறுத்துக்கொண்டேன். எந்த எலி, எந்த வயல், குடலில் எந்த இடம் என்று சீட்டு ஒட்டி முப்பத்தோரு பாட்டிலில் வைத்திருந்தேன். ஒன்றாம் தேதி என் கைடு சசிரேகா மேடத்திடம் இவற்றையும் ஆய்வேட்டையும் ஒப்படைக்காவிட்டால் என் பிஎச்.டி. பதிவு ரத்து. நேற்று ஆய்வேட்டை பைண்டிங் போட ஸ்ரீபெரும்புதூர் போய்த் திரும்பினால், உங்கள் மகன் லீவு நாளில் சும்மா கிடக்காமல் கம்பெனி அசெம்பிளி லைனில் கற்றுக்கொண்ட ஒழுங்கை என் அலமாரியில் காட்டியிருக்கிறான். ஹோமியோபதி மாத்திரைப் பாட்டில் நூறு வாங்கி, ஒன்றுக்கு ஒரு புழுவாக எண்பத்தாறையும் போட்டு, என் சீட்டுகளைக் குப்பையில் எறிந்து, பள்ளிக்கூடப் பிரேயர் மாதிரி உயரவாரியாக நிறுத்தியிருக்கிறான். மாமா, இதில் ஆண் குட்டை, பெண் நீளம். ஒரே இனத்து ஆண் முன்வரிசையில், பெண் பின்வரிசையில். வாயையும் வால் நுனியையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து இனம் சொல்லலாம். எந்த எலிக்குள் இருந்தது என்று எந்த மைக்ராஸ்கோப் சொல்லும்? "என்னல இது" என்றேன். "ஒண்ணுல நாலு, ஒண்ணுல ரெண்டுன்னு கலந்து கெடந்துச்சு அத்தான். எங்க லைன்ல இப்படி வச்சா சூப்பர்வைசர் நாறடிச்சிருவாரு" என்கிறான். போட்டோவை வேறு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறான். அத்தை அதற்குக் கைகூப்பியிருக்கிறார்கள்.

எல்லாம் முடிந்தது. மேடத்துக்கு விலகல் கடிதம் எழுதிவிட்டேன். அவனை உடனே ஊருக்குக் கூப்பிட்டுக்கொள்ளவும்.

உங்களுக்கும் அத்தைக்கும் என் நமஸ்காரம். உங்கள் மகனுக்குச் சகல பாக்கியமும் கிடைக்கட்டும், வேறு ஊரில்.

இப்படிக்கு,
நம்பிராஜன்

பி.கு.: கூரியர் கடைக்குக் கிளம்பும் முன் எரிச்சலில் ஒரு பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பினேன். அடியில் ஒட்டிய துண்டுச் சீட்டு, அவன் பொடி எழுத்தில் எலி, வயல், குடல் எல்லாம். எண்பத்தாறிலும் இருக்கிறது. "எங்கேருந்து வந்துச்சுன்னு எழுதாம எதையும் நகத்தக் கூடாதுன்னு மொத நாளே சொல்லிருவாங்க அத்தான். பதினேழாம் நம்பர் எலின்னு ரெண்டு பாட்டில்ல எழுதியிருக்கீய, ரெண்டும் வேற வேற வயலு. எது சரி?" என்று கேட்கிறான். நோட்டைப் பார்த்தேன். அதிலும் இரண்டு பதினேழு. எனக்குத் தெரியவில்லை மாமா. அவனைக் கூப்பிட வேண்டாம். ஒரு வாரம் லீவு போட்டு என் மற்ற நம்பர்களையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். நேற்று நான் திட்டிய திட்டுக்கு நான் கேட்டால் செய்ய மாட்டான்.