சிங்கத்துக்குச் சொன்ன ஸாரி

ஹொய்சளப் பேரரசு எப்படித் தொடங்கியது என்று சரித்திரப் புத்தகங்கள் சொல்லும். எப்படித் தொடங்காமலே போக இருந்தது என்பதை நான்தான் சொல்ல முடியும்.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் ஒரு கம்பெனியில் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்தேன். நவம்பரில், கர்நாடக மாநிலம் பிறந்த நாளான ராஜ்யோத்ஸவ விழா. கர்நாடகத்தின் ஆயிரம் வருடச் சரித்திரம், கேண்டீன் மேடையில், அரை மணி நேர நாடகமாக. திப்புவாக ஸ்டோர்ஸ் ராவ், மராட்டியத் தளபதியாக பியூன் பாஷா, வெள்ளைக்காரத் துரையாக ஆஸ்டின் டவுன் அந்தோணி. (துரைக்கு இங்கிலீஷ் வராது. தொப்பி இருந்தது.)

மர்பி டவுன் தமிழனான எனக்கு, ஹொய்சள வம்சத்தைத் தொடங்கிய சளன் வேடம். காட்டில் சமண முனிவர் "ஹொய், சளா!" என்பார். 'அடி, சளா' என்று அர்த்தம். நான் சிங்கத்தைக் குத்த வேண்டும், வம்சம் பிறக்க வேண்டும். வசனம் கிடையாது. ஒத்திகையில் தலையணையைக் குத்திப் பஞ்சாய்ப் பறக்கவிட்டேன்.

விழாவன்று சிங்கமாக வரவேண்டிய வாட்ச்மேனுக்குக் காய்ச்சல். முகமூடியை வேறு யார் மாட்டிக்கொண்டார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. திரை விலகியது. நாலு காலில் உறுமிக்கொண்டு வந்த சிங்கத்தின் கண் ஓட்டைக்குள் தங்க ஃப்ரேம் கண்ணாடி. பர்சனல் மேனேஜர் ஷெட்டி சார்! என்னை நிரந்தரமாக்கும் ஆர்டர், கையெழுத்துக்காக அவர் மேஜைமேல்தான் இருந்தது.

"ஹொய், சளா!" என்றார் முனிவரான அக்கவுண்ட்ஸ் ரெட்டி.

அட்டைக் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "குட் ஈவினிங் சார்."

சிங்கம் பல்லைக் கடித்தது. "குத்து மாராயா! எம்.டி. பாக்கறாரு!"

"பரவாயில்ல சார்."

"என்னய்யா பரவாயில்ல? முட்டி நோவுது!"

முனிவர் பொறுமையிழந்து தெலுங்குக்கு மாறினார்: "கொட்டரா ரேய்!" திரைமறைவிலிருந்து பாஷா, "மாரோ பாய்!" துரை தொப்பியைக் கழற்றிவிட்டு, "அடிடா டேய்!" கர்நாடகத்தின் அத்தனை மொழிக்காரர்களும் ஒரே கருத்தில் நின்ற சந்தர்ப்பம் அநேகமாக அது ஒன்றுதான்.

கண்ணை மூடிக் கத்தியை நீட்டி, "ஸாரி சார்" என்றேன். மைக் அதைக் கேண்டீன் முழுக்க அறிவித்தது. சிங்கம் தானே வந்து கத்திமேல் விழுந்து செத்தது. முகமூடியோடு தெறித்து விழுந்த கண்ணாடியைத் துடைத்து, பிணத்திடம் மரியாதையாக நீட்டினேன். கைதட்டல் அதற்குத்தான்.

ஆர்டர் ஆறு மாதம் தள்ளிப்போனது. ஃபைலில் காரணம்: 'முடிவெடுக்கும் திறன் போதாது.'

பல வருடம் கழித்துக் குடும்பத்தோடு பேலூர் போனேன். ஹொய்சளர் கட்டிய கோயிலின் வாசலில் சிங்கத்தைக் குத்தும் சளன் சிலை. கைடு வீரத்தை வர்ணித்துக்கொண்டிருக்க, என் மகள் அந்தக் கல் சிங்கத்தின் முன் கைகட்டிக் குனிந்து, "குட் ஈவினிங் சார்" என்றாள்.

"ஏய், அப்பா யாருன்னு சொல்லிடாதடி" என்றாள் மனைவி. "உள்ள விடமாட்டாங்க."