மூன்று கோமதிகளும் ஒரு மீட்டிங்கும்

அடுத்தவருக்கு மார்க் போடுகிற வேலையில் ஒரு தனிச் சுகம் உண்டு. நாம் பரீட்சை எழுத வேண்டியதில்லை, சிவப்புப் பேனா இருந்தால் போதும். படிப்பு முடிந்ததும் சென்னையில் எனக்கு அப்படியொரு வேலைதான் கிடைத்தது. கம்பெனி கம்பெனியாகப் போய், அவர்கள் சரக்கு வாங்கும் முறை எவ்வளவு முதிர்ச்சி அடைந்திருக்கிறது என்று பார்த்து, ஐந்து படிகளில் ஏதாவது ஒன்றில் நிறுத்திவைக்க வேண்டும். முதல் படி என்றால் மனம்போன போக்கில் வாங்குகிறார்கள் என்று அர்த்தம். ஐந்தாம் படியில் நிற்கும் கம்பெனியை நான் இன்றுவரை கண்ணால் கண்டதில்லை. (என் முதிர்ச்சியை அப்போது யாரும் அளக்கவில்லை. தப்பித்தேன்.)

முதன்முதலாக என்னைத் தனியாக அனுப்பியது சங்கரன்கோவிலில் இருந்த ஓர் ஊறுகாய் கம்பெனிக்கு. அதன் முதலாளியம்மா ‘திருப்தி’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் என் வேலை நிரந்தரமாகும். நிரந்தரமானால்தான் கல்யாணத்துக்குத் தேதி குறிப்போம் என்று விழுப்புரத்தில் பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். ஆக, என் எதிர்காலம் முழுவதும் அந்த ஊறுகாய் ஜாடிக்குள் ஊறிக்கொண்டிருந்தது.

சரக்கு வாங்கும் பொறுப்பு ஒருவரிடம் இருந்தது. பர்ச்சேஸ் அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, ஊரில் நடக்கும் எந்த விஷயமும் தன்னைக் கேட்காமல் நடந்ததில்லை என்கிற முகம். எலுமிச்சங்காய்க்கு மூன்று பேரிடம் விலை கேட்கிறீர்களா என்று கேட்டேன். பெருமையாக மூன்று தாள்களை எடுத்து நீட்டினார். கோமதி மண்டி, ஸ்ரீ கோமதி மண்டி, கோமதியம்மன் மண்டி. மூன்றும் ஒரே தெரு, அடுத்தடுத்த கதவு எண். உரிமையாளர்கள் பெயர் சங்கரலிங்கம், சங்கரநாராயணன், கோமதிசங்கர். மூவருக்கும் ஒரே இனிஷியல்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பயிற்சி வகுப்பில் சொன்ன அதே மோசடி! ஒரே ஆள், மூன்று பில் புத்தகம். (கோமதியம்மன் குடியிருக்கும் ஊரில் டீக்கடை முதல் டயர் கடை வரை கோமதிதான் என்பதும், கோயிலின் மூன்று சன்னிதிக்கும் சேர்த்து மூன்று பிள்ளைக்குப் பெயர் வைக்கிற அப்பா இருப்பார் என்பதும் விழுப்புரத்துக்காரனுக்கு எப்படித் தெரியும்?) போதாக்குறைக்கு ஆட்டோவில் போய்த் தூரத்திலிருந்தே உளவு பார்த்தேன். ஒரே நீளமான கட்டடம், நடுவில் இரண்டு சுவர் எழுப்பியிருந்தது.

அண்ணாச்சி ஏதோ சொல்ல வந்தார். “தம்பி, அது பெரிய கதை…” என்று ஆரம்பித்தார்.

“கதை வேண்டாம் அண்ணாச்சி, டாக்குமெண்ட் மட்டும் குடுங்க” என்று கையை உயர்த்தித் தடுத்தேன். அந்தக் கையை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு திட்டம் போட்டேன். அண்ணாச்சியை மிளகாய் வற்றல் விலை விசாரித்து வரும்படி பக்கத்து ஊரான திருவேங்கடத்துக்கு அனுப்பிவிட்டு, மூன்று மண்டிக்கும் தனித்தனியாகப் போன் போட்டு, காலை பதினொரு மணிக்கு ‘சப்ளையர் மீட்டிங்’ என்று சொன்னேன். மூன்று நாற்காலி போட்டேன். ஒரே ஒரு ஆள்தான் வருவான். காலியாக இருக்கும் இரண்டு நாற்காலிகளைக் காட்டி, ‘இவர்கள் எங்கே?’ என்று கேட்பேன். அந்தக் கேள்வியைக் கண்ணாடி முன் நின்று சொல்லியும் பார்த்தாயிற்று.

முதலில் தடித்த மீசை வைத்த ஒருவர் வந்து உட்கார்ந்தார். நான் அர்த்தத்தோடு புன்னகைத்தேன். அடுத்து அதே மீசை, அதே மூக்கோடு இன்னொருவர் வந்தார். ஒரு கணம், முதல் ஆள் பின்வாசல் வழியாகப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். ஆனால் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாவதாக அதே மூக்கு வாசலில் தெரிந்தபோது, ஒத்திகை பார்த்து வைத்திருந்த கேள்வியை அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார், ஒருவர் தரையை, ஒருவர் என்னை. என்னைப் பார்த்தவர் பார்வைதான் மோசம். என்ன செய்வதென்று தெரியாமல், பயிற்சியில் சொல்லிக் கொடுத்த விளையாட்டு ஒன்றை எடுத்துவிட்டேன். இறுக்கமான கூட்டத்தைத் தளர்த்த அதைச் செய்யச் சொல்லுவார்கள். “ஒவ்வொருத்தரும் பக்கத்தில் இருக்கிறவரைப் பற்றி நல்லதா ஒரு வார்த்தை சொல்லணும்.”

கடைசியில் நடுவில் இருந்தவர் தரையைப் பார்த்தபடியே வாயைத் திறந்தார்.

“எங்க அண்ணன் காயக் கையில தூக்கிப் பாத்தே சாறு எம்புட்டுன்னு சொல்லிருவாரு. அவரு மாதிரி ஆளு இங்கன கிடையாது.”

அவ்வளவுதான். அண்ணன்காரர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். “ஏலே, அப்பா செத்த அன்னைக்குக் கடைசியா பாத்த மூஞ்சில்லா இது” என்று அழுதார். தம்பிகள் இருவரும் சேர்ந்து அழுதார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அழுதேன். பிறகு மூவரும் ஒன்றாகப் பிரியாணி சாப்பிடக் கிளம்பிப் போனார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். நடந்ததைக் கேட்டதும் மிளகாய் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“தம்பி, சொத்துப் பிரிச்சதுலேர்ந்து மூணு பேருக்கும் பேச்சுவார்த்த கிடையாது. ஒருத்தன் விலை சொன்னா, அவனுக்கு வியாபாரம் போயிரக் கூடாதுன்னே அடுத்தவன் குறைச்சுப் போடுவான். நானும் ஒருத்தன் வீட்டுல காப்பி குடிச்சத அடுத்தவன் காதுல போட்டுட்டே இருப்பேன். அந்தச் சண்டையிலதான்யா நம்ம ஊறுகா ஓடிக்கிட்டு இருந்துது.”

(இந்த நாரதர் வேலையை எந்தப் படியில் வைப்பது என்று எங்கள் பயிற்சியில் சொல்லித் தரவில்லை.)

மறுநாள் காலை மூவரும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். ஒரே விலை சொன்னார்கள். அது பழைய மூன்று விலையையும் விட ஏகத்துக்கு அதிகம். வேண்டுமானால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, என் கையை மட்டும் மாறி மாறிப் பிடித்துக் குலுக்கினார்கள்.

முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிதானமாகச் சொன்னார்: “எந்தப் படியில நிக்கோம்னு பாக்கத்தான் கூப்பிட்டேன். நீங்க ஏணியையே உருவிட்டுப் போயிட்டியளே.”

‘திருப்தி’ கிடைக்கவில்லை. வேலை நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது, கூடவே கல்யாணமும். காரணம் என்னவென்று பெண் வீட்டார் கேட்டார்கள். நான் மழுப்பினேன். என் தம்பி ஒன்று விடாமல் முழுசாகச் சொல்லிவிட்டான். கல்யாணத்தன்று சகோதரர்கள் மூவரும் சங்கரன்கோவிலில் இருந்து ஒரே காரில் ஒரு மூட்டை எலுமிச்சம்பழத்தோடு வந்து இறங்கியபோது, மண்டபத்தில் மாப்பிள்ளையைவிட அவர்களுக்குத்தான் கூட்டம் கூடியது.

இப்போது எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கும் நாட்களில், ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு வீட்டுப்பாடம் முடிப்பார்கள், தட்டைக் கழுவி வைப்பார்கள். எனக்குத்தான் மனசு கேட்காது. சமாதானம் செய்துவைக்கலாம் என்று எழுந்தால், என் மனைவி அடுப்படியில் இருந்தே குரல் கொடுப்பாள்: “நீங்க சும்மா உக்காருங்க. ஒண்ணு சேந்தா நாளைக்கே விலைய ஏத்திடுவாங்க.”

போன மாதம் அவள் பேச்சைக் கேட்காமல் இருவரையும் கூப்பிட்டுச் சேர்த்துவைத்தேன். மறுநாள் காலை தோளில் கைபோட்டுக்கொண்டு வந்து, ஒரே குரலில் நாய்க்குட்டி கேட்டார்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் அது என் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறது.