ஐந்தாம் பிரதிவாதியும் நானும்

எங்கள் ஆரணியில் ஒரு மாப்பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், அவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் கேட்பார்கள். அவர் தெரு டீக்கடைக்காரர், பழைய வாத்தியார், ஜரிகை விற்பவர், ஜரிகை விற்பவரின் மச்சினிச்சி (இவருக்குத்தான் எல்லாம் தெரியும்). மாப்பிள்ளையிடமே நேராகக் கேட்டால் அது மரியாதைக் குறைவு. முதுகுக்குப் பின்னால் ஊரெல்லாம் கேட்டால் அதற்குப் பெயர் பொறுப்பு. அந்தப் பொறுப்பை நான் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொண்டு கோர்ட்டிலேயே போய்க் கேட்டுவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அப்பா பட்டுப்புடவை வியாபாரி. தேவிகாபுரத்திலிருந்து வந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன குணசேகரனுக்கு மருந்துக்கடை. இரண்டு வீட்டிலும் சரி என்று சொல்லி, நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்துவிட்டார்கள். நாங்களும் போனில் பேச ஆரம்பித்திருந்தோம். நான் தும்மியது கேட்டதும் மாத்திரை பெயர் எதுவும் சொல்லாமல் "வெந்நி வெச்சுக் குடிங்க" என்று சொன்ன மருந்துக்கடைக்காரர் அவர். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் சித்தப்பா வந்தார். அப்பா கடையில் இருக்கிறார் என்று உறுதி செய்துகொண்டு அடுப்படிக்கே வந்து அம்மாவிடமும் என்னிடமும் குரலைத் தாழ்த்தினார்.

"பையன் பேர்ல கோர்ட்ல கேஸ் ஓடிகினு இருக்குதாம் அண்ணி. இன்னா கேஸுன்னு தெரியல. அண்ணன்கிட்ட சொன்னா பேஜாராயிடும், நானும் சொல்லல."

சொன்னால் பேஜார்தான். சாப்பிட்டு முடித்த இலையை எதிர்ப்பக்கமாக மடித்தார் என்பதற்காக முந்தைய மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொன்னவர் என் அப்பா. கேஸ் என்று காதில் விழுந்தால் வெள்ளிக்கிழமையும் இல்லை, குணசேகரனும் இல்லை.

குணசேகரனுக்கு ஒரு போன் போட்டு "ஏங்க, உங்க மேல ஏதோ கேஸாமே?" என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். கேட்கவில்லை. மரியாதை இருக்கிறதே! அதற்குப் பதில் பள்ளியில் மதிய இடைவேளையின்போது, கோர்ட் வழக்குகளைத் தேடும் இணையதளத்தில் அவர் பெயரையும் அவருடைய அப்பா கஜேந்திரன் பெயரையும் போட்டேன். வந்தது. குணசேகரன், த/பெ கஜேந்திரன், ஐந்தாம் பிரதிவாதி, வழக்கு நிலுவையில். முன்னால் 'ஓ.எஸ்.' என்று ஒரு நம்பர். சொத்துத் தகராறு மாதிரியான சிவில் வழக்குகளுக்கு அப்படிப் போடுவார்கள் என்று இன்று தெரியும். அன்று அது ஏதோ பயங்கரமான குற்றப்பிரிவு என்றே நினைத்தேன். அதுவும் ஐந்தாம் பிரதிவாதி! ஐந்து பேர் கும்பலாகச் சேர்ந்து என்னத்தைச் செய்தார்களோ! சோற்றை மூடி வைத்துவிட்டு அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.

கோர்ட்டில் நகல் கொடுக்கும் பிரிவில் ஒரு அம்மா இருந்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"பப்ளிக் ரெக்கார்டுதானே மேடம், யார் வேணும்னாலும் பாக்கலாம்ல?" என்றேன். (இதையும் இணையத்தில்தான் படித்திருந்தேன்.)

"பாக்கலாம்மா. நீங்க வாதியா, பிரதிவாதியா?"

"இல்லீங்க."

"வக்கீலா?"

"டீச்சர்."

"இந்த அஞ்சாவது பிரதிவாதிக்கு நீங்க இன்னா உறவு?"

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்தாங்க தெரியும்."

அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வழக்கில் சம்பந்தப்படாத மூன்றாம் நபர் நகல் கேட்டால் தனியாக மனு போட வேண்டும், எதற்காகக் கேட்கிறோம் என்று பிரமாணப் பத்திரத்தில் எழுத வேண்டும், அதைப் பார்த்து ஜட்ஜ் உத்தரவு போடுவார். "ஒரு வக்கீல வெச்சுக்கினா சுலுவா முடிஞ்சிடும்மா" என்றும் சொன்னார். எந்த வக்கீலிடம் போனாலும் சாயங்காலத்துக்குள் அப்பா கடைக்கு விஷயம் போய்விடும் என்பதால் நானே என் கட்சிக்காரரும் வக்கீலும் ஆனேன்.

எதிரே டைப்பிங் சென்டர் வைத்திருந்த அண்ணன் ஆர்வமாகிவிட்டார். "அவசரம்னு போட்டாத்தான் ஜல்தியா எடுப்பாங்கம்மா. ஏன் அவசரம்னு வெவரமா போடணும்" என்றார். போட்டோம். நிச்சயதார்த்தத் தேதி, நேரம், எங்கள் தெரு, கதவு எண், எல்லாவற்றையும் போட்டோம். காரணம் என்ற இடத்தில் அவரே தமிழைக் கம்பீரமாக்கி இப்படி அடித்தார்: "மேற்படி ஐந்தாம் பிரதிவாதியை மனுதாரர் மணம் புரிய இருப்பதால், அன்னாரின் நன்னடத்தை குறித்து ஐயமற அறிந்துகொள்வது அவசியமாகிறது." படிக்கப் பெருமையாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மனு எடுக்கப்பட்ட அன்று என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஜட்ஜும் ஒரு அம்மாதான். காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அவரையே கேட்டிருக்கலாமேம்மா?"

"அது மரியாதையா இருக்காதுங்க" என்றேன்.

ஹாலில் வக்கீல்கள் இருமினார்கள். ஜட்ஜ் ஏதோ எழுதிக்கொண்டே, "இரு தரப்புக்கும் நோட்டீஸ், அவசரம்" என்று சொல்லிவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்டார். ஆண்டுக்கணக்காக மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்த பழக்கம், என் வாயில் "எஸ் மிஸ்!" என்று ராகத்தோடு வந்துவிட்டது. கோர்ட்டே சிரித்தது. அந்த வெட்கத்தில் ஓடிவந்தவளுக்கு நோட்டீஸ் என்றால் அது யார் வீட்டுக்குப் போகும் என்று யோசிக்கத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. எனக்குக் கொண்டுவந்த நிச்சயப் புடவையை வந்திருந்தவர்கள் வழக்கம்போல் உள்பக்கம் திருப்பி, பார்டரை நெருடி, ஜரிகையைச் சோதித்து, அதன்பிறகுதான் என்னைப் பார்த்தார்கள் (பட்டுக்காரர்கள் வீட்டில் பெண்ணுக்கு இரண்டாவது இடம்தான்). தட்டுகள் எல்லாம் வைத்தாகிவிட்டன. பத்திரிகை வாசிக்க ஐயர் தொண்டையைச் செருமினார். அப்போது குணசேகரனின் அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் அப்பாவிடம் நீட்டினார்.

"அதுக்கு முன்னாடி இத ஒரு தபா பாத்துடுங்க. நேத்து கோர்ட்டு அமீனா வந்து குடுத்துட்டுப் போனாரு. இதுல இருக்கிறது நம்ம பொண்ணு பேருதானா?"

என் அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைப் படித்தாலும் வாய்விட்டுத்தான் படிப்பார், சோப்பு டப்பாவாக இருந்தாலும் சரி. கூடம் நிறைய உறவுக்காரர்கள் இருக்க, "மேற்படி ஐந்தாம் பிரதிவாதியை" என்று கணீரென்று ஆரம்பித்தார். "அன்னாரின் நன்னடத்தை" வரும்போது குரல் இறங்கியது. "ஐயமற" என்ற இடத்தில் நின்றேவிட்டது. பூமி பிளக்கும் என்று காத்திருந்தேன், எங்கள் வீட்டில் போட்டிருந்த டைல்ஸ் நல்ல தரம்.

முதலில் எழுந்தது குணசேகரனின் அம்மா. "கால எடுத்து வெக்கறதுக்கு முன்னாடியே எங்க வூட்ட கோர்ட்டுல கேள்வி கேட்டுட்டா. வந்தப்புறம் இன்னா பண்ணுவா? எழுந்திருங்க, போலாம்." அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. அதுதான் என்னை அறுத்தது. எல்லாம் முடிந்தது, என் கையாலேயே முடித்துவிட்டேன் என்று அழத் தொடங்கினேன்.

குணசேகரன் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். "மாமா, அந்தக் கேஸு போட்டப்ப எனக்கு மூணு வயசுங்க" என்றார். தாத்தா நிலத்தில் பாகம் கேட்டு அவருடைய பெரியப்பா போட்ட வழக்காம். பாகப்பிரிவினை வழக்கென்றால் வீட்டில் இருக்கும் குழந்தை குட்டி எல்லாரையும் சேர்த்துத்தான் போடுவார்களாம், இதில் மொத்தம் பதினொரு பிரதிவாதிகளாம். கும்பலின் ஐந்தாம் ஆள் அப்போது டிராயர்கூட ஒழுங்காகப் போட மாட்டாராம்.

"அவரு சொல்றத வெச்சே நாம நம்பிட முடியுமா?" என்று சித்தப்பா முணுமுணுத்தார். (இவரை என்ன செய்யலாம் சொல்லுங்கள்.)

"நான் சொல்றேன், நம்புங்க" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். ஒரு கையில் பழத்தட்டு, இன்னொரு கையில் அதே நோட்டீஸ். அவர்தான் அந்த வழக்கைப் போட்ட பெரியப்பா ஏகாம்பரம். கேஸ் ஆரம்பித்த நாளிலிருந்து தம்பி வீட்டு நல்லது கெட்டது எதற்கும் அவர் வந்ததில்லை, அவரைக் கூப்பிட்டதும் இல்லை. இந்த நிச்சயத்துக்கும் கூப்பிடவில்லை.

"இரு தரப்புக்கும்னு எனக்கும் அனுப்பிட்டாங்க. தம்பி புள்ளைக்கு நிச்சயம்னு கோர்ட்டு சொல்லித்தான் எனக்குத் தெரியுது" என்றார். பிறகு என் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "இவங்கப்பன் மேல எனக்கு ஆயிரம் வருத்தம் இருக்குதுங்க. நெலத்த நான் வுடவும் மாட்டேன். ஆனா அந்தப் புள்ள தங்கம். எதிர்க்கட்சிக்காரன் நானே சொல்றேன், இதுக்கு மேல இன்னா நகலு வேணும்?"

புறப்பட நின்ற குணசேகரனின் அம்மா, அவ்வளவு கோபத்திலும், தட்டோடு வந்த மூத்தாரைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு "உள்ள வாங்க மாமா" என்றார். குணசேகரனின் அப்பா இடம் விட்டு நகர்ந்து, யாரையும் பார்க்காமல், "உக்காருண்ணா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அதுவரை அழுததைவிட அதிகமாக அழுதேன். என் அப்பா நோட்டீஸை நான்காக மடித்து என் கையில் வைத்து, "இதுக்கு அப்புறமா உன்ன வெச்சுக்கறேன்" என்று பல்லைக் கடித்துவிட்டு, ஐயரைப் பார்த்து "நீங்க வாசிங்க சாமி" என்றார்.

கல்யாணமாகி ஏழு வருடமாகிறது. வழக்கு இன்னும் நடக்கிறது. பெரியவர்கள் இரண்டு பேரும் வாய்தாவுக்கு ஒரே பைக்கில் போகிறார்கள், கோர்ட்டுக்குள் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள், திரும்பும்போது ஒரே கடையில் போண்டா சாப்பிடுகிறார்கள். வீட்டில் நான் எதைக் கேட்டாலும், சாவி எங்கே என்று கேட்டால்கூட, "மனு போடு, நோட்டீஸ் வரட்டும்" என்பதுதான் என் மாமியாரின் பதில்.

எங்களுக்குப் பெண் பிறந்த அன்று அண்ணன் தம்பி இருவரும் கோர்ட்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பெரிய மாமனார் குழந்தையைக் கையில் வாங்கி, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, உன் பக்கம் ஒரு ஆளு கூடிடுச்சுடா. பன்னண்டாம் பிரதிவாதி" என்றார். அதற்குப் பிறகு வைத்த அழகான பெயரை யாரும் சட்டை செய்யவில்லை. இந்த ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்கப் போனோம். உன் பேர் என்ன பாப்பா என்று பிரின்சிபல் குனிந்து கேட்டார். என் மகள் கையைக் கட்டிக்கொண்டு, கணீரென்று, "பன்னண்டாம் பிரதிவாதி, மிஸ்!" என்றாள்.