கல்லிலிருந்து இறக்கப்பட்டவர்

ப்ராம்லி, சஸ்காச்சுவான்
11 நவம்பர் 2003, செவ்வாய், பிற்பகல் 4.10

பேரன்புள்ள ஓரஸ்ட் சித்தப்பா அவர்களின் சமூகத்துக்கு, அண்ணன் மகன் மைரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், அம்மா, அப்பா, டிராக்டர் எல்லாரும் சௌக்கியம். என் கால்விரல்களைப் பற்றி மட்டும் இப்போதைக்கு உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை. அங்கே தாங்களும் சித்தியும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். கடற்கரை ஊரில் நவம்பரிலும் ரோஜா பூக்கிறதாமே, நன்றாகப் பூக்கட்டும்.

இன்று காலை 10 மணி 58 நிமிடத்துக்கு போரில் இறந்தவர்களுக்கான நம் ஊர் நினைவுக்கல்லின் முன்னால் கூடியிருந்தவர்கள் 43 பேர், ஒரு நாய். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு. கல்லில் பெயர்கள் பதின்மூன்று. பதினான்கு இருந்திருக்க வேண்டும் என்று நீங்கள் இந்நேரம் விரல்விட்டு எண்ணியிருப்பீர்கள். அந்த ஒரு பெயரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நினைவுக்கல் குழுத் தலைவர் என்ற பதவியை என் தலையில் கட்டிவிட்டு நீங்கள் விமானம் ஏறியபோது, "ஒண்ணும் வேலை இருக்காதுடா, வருஷத்துக்கு ஒரு தடவை மாலை வச்சா போதும்" என்றீர்கள். நான் மண் பரிசோதனை படித்தவன். ஒரு கல்லைப் பார்த்தால் மாலை எங்கே வைக்கலாம் என்று எனக்குத் தோன்றாது, எந்தப் பக்கம் விழும் என்றுதான் தோன்றும். போன ஏப்ரலில் மட்டம் பார்க்கும் லெவல் கருவியை வைத்துப் பார்த்தேன். அடிமண் குளிர்காலம் தோறும் உறைந்து வீங்கி, வசந்தத்தில் இளகி இறங்கி, அந்தக் கிரானைட் தூண் சாலைப் பக்கம் நான்கு டிகிரி சாய்ந்திருந்தது. இன்னும் சில வருஷத்தில் மாலை வைக்க வருபவர் மேலேயே விழும். குழுக் கூட்டத்தில் சொன்னேன். "நான் கல்யாணம் ஆன வருஷத்துலேருந்தே அது அப்படித்தான் நிக்குது தம்பி" என்று தபால் நிலையத்து வெர்னா அக்கா சொன்னார். அந்தப் பதிலில் இருக்கும் ஆபத்து யாருக்கும் உறைக்கவில்லை. நானே ஒரு கிரேன் லாரியை இரவல் வாங்கி, கல்லைத் தூக்கி, உறைபனி எட்டாத ஆழத்துக்குத் தோண்டி, ஜல்லி கொட்டி, கான்கிரீட் போட்டு, அக்டோபர் கடைசியில் திரும்ப நிறுத்தினேன். இதுவரைக்கும் என் மேல் ஒரு தப்பும் கிடையாது.

கல்லை நிறுத்திய அன்று எழுத்துகளுக்குக் கறுப்புப் பூச நகரத்திலிருந்து ஒரு கல்வெட்டுக்காரர் வந்திருந்தார். பிசினில் கிரானைட் தூளைக் குழைத்துப் பழைய எழுத்தை அடைத்துத் தேய்த்துவிட்டால், எழுத்து இருந்த சுவடே தெரியாது என்று பேச்சுவாக்கில் சொன்னார். அங்கேதான் எனக்குப் புத்தி வேலை செய்தது.

இனி சொல்லப்போவது உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று கணக்கு சரியாக வரும். லெய்ஃப் தோர்வால்ட்சன் இரண்டாம் உலகப் போருக்குப் போய், 'காணவில்லை' என்று தந்தி வந்து, அடுத்த செய்திக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாத நம் ஊர், கல்வெட்டுக்காரர் உளியோடு வந்து நிற்கிறாரே என்ற அவசரத்தில் அவர் பெயரையும் சேர்த்து வெட்டச் சொல்லிவிட்டது. அந்த வருஷத்து அறுவடைக்கே அவர் எதிரியின் கைதி முகாமிலிருந்து மெலிந்து போய் ரயிலில் வந்து இறங்கினார். ஒரு வரியை எடுக்க வேண்டுமென்றால் கல் முழுவதையும் இழைக்க வேண்டும் என்று அந்தக் காலத்துக் கல்வெட்டுக்காரர் சொல்லிவிட்டதால், அப்படியே விட்டுவிட்டார்கள். வருஷா வருஷம் இந்த நாளில் கல்லைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மௌனம். கடைசிப் பெயர் மட்டும் லெய்ஃப் ஐயாவுடையது. அதற்குக் கூட்டத்திலிருந்து, "இருக்கேன்" என்று பதில் வரும். அந்தப் பதில் வந்தால் சடங்கு முடிந்தது, ஊர் ஹாலில் காப்பி தயார் என்று அர்த்தம். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன்.

காப்பி குடிக்கும்போது அவர் தவறாமல் முணுமுணுப்பார்: "என்னை எப்பத்தான் கல்லுலேருந்து எறக்கப் போறீங்க?" எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததே கிடையாது. ஒரு மனிதர் ஐம்பத்தெட்டு வருஷமாக ஒரு புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஊரே பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும். ஆகவே, சித்தப்பா, நான் அவரை இறக்கினேன். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று யாரிடமும் சொல்லாமல், தார்ப்பாயைப் போட்டு மூடி, இன்று காலை பத்து மணிக்குத்தான் அவிழ்த்தேன்.

வெர்னா அக்கா காகிதத்தைப் பார்த்துப் படிப்பதில்லை என்பதை நான் மறந்துவிட்டேன். எப்போதும் கல்லைப் பார்த்துத்தான் படிப்பார். பதின்மூன்று பெயர் படித்தார். நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பனி மூடியிருக்கிறது என்று நினைத்துக் கையுறையால் கல்லைத் தேய்த்தார். அது கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. "எனக்குக் கண்ணு போச்சா?" என்று தனக்குத்தானே சொன்னது ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது.

யாரும் நகரவில்லை. பதில் வராமல் எப்படி நகர்வது? நாற்பத்து மூன்று பேரும் பதினேழு டிகிரி குளிரில் ஹால் கதவைப் பார்த்தபடி நிற்கிறோம். லெய்ஃப் ஐயா குல்லாயைக் கையில் எடுத்துக்கொண்டு, பதில் சொல்ல வாயைத் திறந்தபடி நிற்கிறார். வாயிலிருந்து புகை மட்டும் வருகிறது. கடைசியில் அவரேதான் கேட்டார், ரொம்ப நிதானமாக:

"ஏம்மா வெர்னா, நான் செத்துட்டனா?"

யாரும் சிரிக்கவில்லை. வெர்னா அக்கா பதறிப்போய் ஞாபகத்திலிருந்தே அவர் பெயரைக் கூப்பிட்டார். அவர் பதில் சொல்லவில்லை. "கல்லுல இல்லாத பேரை நீயா கூப்பிட்டா ஆச்சா?" என்று குல்லாயை மாட்டிக்கொண்டு தன் பிக்கப் வண்டியைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். எண்பத்தொரு வயது, பனிக்கட்டித் தரை, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்று போனால் இனி எந்த நவம்பரிலும் இந்த மனிதர் வரமாட்டார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடினேன். இரண்டு முறை வழுக்கினேன். வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, நான்தான் அழித்தேன், நீங்கள்தானே ஐயா வருஷா வருஷம் கேட்டீர்கள் என்று கத்திவிட்டேன்.

"கேட்டேன்," என்றார். "யாராவது செஞ்சாங்களா? அதுலேருந்தே புரிய வேண்டாமாடா?"

அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"நாங்க அஞ்சு பேரும் ஒரே ரயில்ல போனோம். வருஷத்துல இந்த ஒரு நாள்தான் அவனுங்களோட சேர்த்து என்னையும் கூப்பிடுறாங்க. அதையும் பிசின் போட்டு அடைச்சிட்டியா, இன்ஜினியர்?"

என் கோட்டுப் பையில் அளவுக் கட்டைகளில் குறி போடும் சிவப்பு மெழுகுக்குச்சி இருந்தது. திரும்ப ஓடி, கையுறையைக் கழற்றிவிட்டு, எல்லாருக்கும் முன்னால் மண்டியிட்டு, அழித்த இடத்திலேயே அவர் பெயரை எழுதினேன். விரல் விறைத்திருந்ததால் எழுத்து கோழி கிளறியது போல வந்தது. வெர்னா அக்கா என் தோள் வழியாகக் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, முறைப்படி கூப்பிட்டார். மௌனம். நான் மண்டியிட்டபடியே இருந்தேன், திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. அப்புறம் வண்டிப் பக்கத்திலிருந்து குரல் வந்தது:

"இருக்கேன். கையெழுத்துதான் சகிக்கல."

நாற்பத்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதில் கல்லே மறைந்துவிட்டது.

ஹாலில் யாராவது என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒருவரும் திட்டவில்லை. பீட்ரூட் சூப்பை எனக்கு மட்டும் இரண்டு தடவை ஊற்றினார்கள். யாரோ உலர்ந்த காலுறை கொண்டுவந்து கொடுத்தார். இந்த ஊருக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. முட்டை சான்ட்விச் வாயில் இருந்ததும் ஒரு காரணம். லெய்ஃப் ஐயா என்னைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போய், தன் காப்பிக் கோப்பையைக் கல்லின் அடிபீடத்தில் வைத்துக் குனிந்து பார்த்தார். "சாயல. முன்னெல்லாம் இங்க வச்சா ஒரு பக்கமா வழியும்," என்றார். என் படிப்புக்கு இதுவரை கிடைத்த ஒரே நற்சான்றிதழ் இதுதான். பெயரை மறுபடி வெட்டித் தருகிறேன், ஆனால் கணக்குப்படி அது தப்புதானே என்று நான் இழுத்தேன்.

"என்னடா அவசரம்? கொஞ்ச நாள் பொறுத்தா அந்தத் தப்பு தானா சரியாயிடும். நீ கையை வைக்காம இருந்தா போதும்," என்றார்.

எது எப்படி இருந்தாலும், சித்தப்பா, மனிதர்கள் சம்பந்தப்பட்ட வேலைக்கு நான் லாயக்கில்லை என்பது ஊரறிய நிரூபணமாகிவிட்டது. இந்தக் கடிதத்தையே என் ராஜினாமாவாக ஏற்று, வேறு தலைவரைப் பார்த்துக்கொள்ளவும். கால்கரியில் சாலை போடும் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாலைக்கு மனசு கிடையாது. சித்திக்கு என் நமஸ்காரம். தங்கள் ஆசி எப்போதும் வேண்டும், இந்த வாரம் சற்று கூடுதலாக வேண்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த
மைரன்

பி.கு.: மேலே உள்ள ராஜினாமாப் பத்தியை மட்டும் கிழித்துப் போட்டுவிடவும். உறை ஒட்டுவதற்குள் வெர்னா அக்கா மிச்ச சூப்போடு வந்து, அடுத்த கூட்டம் எந்த வியாழக்கிழமை என்று கேட்டார். தேதி சொல்லிவிட்டேன். ஆகவே நான் செய்யப்போவது:

1. நாளைக் காலை கல்வெட்டுக்காரரைத் தொலைபேசியில் பிடித்து, அடைத்த பெயரைத் திரும்ப வெட்டச் சொல்வேன். சிரிப்பார். சிரித்து முடிக்கும்வரை காத்திருப்பேன்.

2. வசந்தத்தில் மண் இளகிக் கல்வெட்டுக்காரர் வரும்வரை, பனி பெய்து மெழுகெழுத்து மங்கும்போதெல்லாம் போய் மேலெழுதுவேன். கையெழுத்தையும் திருத்திக்கொள்வேன்.

3. கால்கரிக்காரர்களுக்கு வரவில்லை என்று சொல்வேன்.

4. அடுத்த நவம்பரில் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பேன்.

5. கடைசிப் பெயருக்குப் பதில் வராத ஒரு வருஷம் வரும். அன்றைக்கு ஹாலுக்குள் முதலில் யார் நகர்வது என்று குழுவில் பேசி முடிவு செய்வேன். இப்போது இல்லை. அவசரமில்லை.